மைக் ஒன் ஆகாத வகுப்பு: வேலைத்தள ஆங்கிலத்தின் ஒரு சின்ன வரலாறு

ஒன்லைனில் நடக்கிற வேலைத்தள ஆங்கில வகுப்பு ஒன்றுக்குள்ள போய்ப் பாருங்கள். எங்கட ஊரில இது இப்ப புதினமான விஷயமில்லை. கொம்பனிகள் தங்கட ஊழியர்களுக்கு வைக்கின்றன, நிறுவனங்கள் திட்டக் காசில வைக்கின்றன, தனியார் நிலையங்கள் கட்டணம் வாங்கி வைக்கின்றன. திரையில முப்பது பெயர்கள் இருக்கும். ஒரு கமராவும் ஒன்னில இருக்காது. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்பார். பத்து விநாடி அமைதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "மிஸ், மைக் வேலை செய்யுதில்ல" என்று சாட் பெட்டியில ஒரு வரி வந்து விழும். முப்பது பேரின்ர மைக்கும் ஒரே நேரத்தில பழுதாகிற அதிசயம் இந்த வகுப்புகளில மட்டும்தான் நடக்கும்.

இதுக்கு நாங்கள் வழமையாச் சொல்லுற காரணங்கள் இருக்கு. பெடியளுக்கு வெட்கம். ஆர்வம் இல்லை. டேட்டா முடிஞ்சுபோச்சு. எல்லாத்திலயும் கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் ஜூம் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னமே, மைக் என்ற ஒன்றே இல்லாத வகுப்பறைகளிலும் வேலையாட்கள் இப்படித்தான் வாயைத் திறக்காமல் இருந்தார்கள். அதை உடைக்கச் சிலர் நல்ல வழிகளைக் கண்டுபிடித்தார்கள். சிலர் அந்த மௌனத்தையே பாடமாக ஆக்கினார்கள். அந்தக் கதையைத் தெரிஞ்சுகொண்டால், இன்றைக்குத் திரையில தெரியிற அந்தக் கறுப்புப் பெட்டிகளைக் கொஞ்சம் வேற மாதிரிப் பார்க்கலாம்.

விசில் கேட்டதும் ஓடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் போலந்து, இத்தாலி, ரஷ்யா, ஹங்கேரி என்று எல்லா இடங்களிலும் இருந்து வந்த குடியேறிகளால் நிறைந்திருந்தன. மேற்பார்வையாளர் சொல்வது தொழிலாளிக்கு விளங்காது. தொழிலாளி சொல்வது மேற்பார்வையாளருக்கு விளங்காது. விபத்துகள் நடந்தன, உற்பத்தி மெதுவானது. ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும் என்ற யோசனை முதலாளிகளுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

வேல்ஸில் பிறந்து அமெரிக்காவில் மதகுருவாக இருந்த பீட்டர் ரொபர்ட்ஸ் என்பவர் 1909இல் இதற்கென ஒரு பாடத்திட்டத்தை வெளியிட்டார். வீட்டு வாழ்க்கை, தொழிற்சாலை, கொடுக்கல் வாங்கல் என்று மூன்று வரிசைகள். ஒவ்வொன்றிலும் பத்துப் பாடங்கள். ஆசிரியர் ஒரு செயலை நடித்துக் காட்டியபடியே வசனத்தைச் சொல்வார். மாணவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். இலக்கணம் எல்லாம் பிறகு. அந்தக் காலத்துக்கு இது உண்மையிலேயே முன்னேற்றமான முறை. எழுத வாசிக்கத் தெரியாத ஒருவரும் முதல் நாளே வாய் திறந்து ஒரு முழு வசனம் சொல்லிவிடுவார்.

ஆனால் அந்த வசனத்தை யார் எழுதுகிறது? 1912ஆம் ஆண்டளவில் இன்டர்நஷனல் ஹார்வெஸ்டர் என்ற பெரிய விவசாய இயந்திரக் கொம்பனி தன் தொழிலாளருக்குக் கொடுத்த ஆங்கிலப் பாடம் ஒன்று வரலாற்றாசிரியர்களிடையே பிரபலமானது. அதன் சாரம் இவ்வளவுதான்: விசில் கேட்கிறது, நான் அவசரமாகப் போக வேண்டும், வாசலில் என்னுடைய அட்டையை எடுக்கிறேன், உடுப்பு மாற்றுகிறேன், வேலைக்குத் தயாராகிறேன், சாப்பாட்டு விசில் வரும்வரை சாப்பிடமாட்டேன். இதில் 'நான்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அந்த 'நான்' ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "எனக்குக் கை வலிக்குது", "இந்த மெஷினில ஏதோ பிழை", "சம்பளம் குறைஞ்சிருக்கு" என்று ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

ஹென்றி ஃபோர்ட் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 1914 ஜனவரியில் அவருடைய கொம்பனி ஒரு நாளைக்கு ஐந்து டொலர் திட்டத்தை அறிவித்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஆனால் முழுத் தொகையும் சும்மா கிடைக்காது. தொழிலாளி எப்படி வாழ்கிறார், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, குடிக்கிறாரா என்று பார்க்கக் கொம்பனியே ஒரு தனிப் பிரிவை வைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு மிச்சிகனில் இருந்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஃபோர்ட் ஆங்கிலப் பாடசாலை தொடங்கியது. ரொபர்ட்ஸின் முறைதான் அங்கேயும். வகுப்புகள் வேலை நேரத்துக்கு வெளியே. ஆங்கிலம் தெரியாதவர் கட்டாயம் வர வேண்டும். வர மறுத்தால் வேலையே கேள்விக்குறியாகும்.

வரவு நிறைந்திருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் 'பங்கேற்பு' நூறு வீதம். படிப்பு முடிந்ததும் ஒரு விழா. மேடையில் கப்பல் மாதிரி ஓர் அமைப்பு, அதற்கு முன்னால் மிகப் பெரிய ஒரு பானை. தொழிலாளர்கள் தங்கள் ஊர் உடுப்போடு கப்பலில் இருந்து இறங்கிப் பானைக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீளமான அகப்பைகளால் கிண்டுவார்கள். அதே ஆட்கள் அமெரிக்க உடுப்பும் கையில் அமெரிக்கக் கொடியுமாக வெளியே வருவார்கள். எல்லாரும் கைதட்டுவார்கள்.

இந்தக் காட்சியை நான் வாசிக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு விஷயம்தான் உறுத்தும். அந்தப் பானைக்குள் போனவர்கள் எல்லாரும் பங்கேற்றார்கள்தான். ஆனால் அவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு கொம்பனி தன் ஊழியர் எத்தனை வீடியோ பார்த்தார், எத்தனை 'குவிஸ்' முடித்தார், எத்தனை வீதம் வரவு என்று ஒரு பட்டியலை மனிதவளப் பிரிவுக்கு அனுப்புகிறது. அந்தப் பட்டியலுக்கும் இந்தப் பானைக்கும் அவ்வளவு தூரம் இல்லை.

கோடரியோடு வந்த வாத்தியார்

அதே காலம், பக்கத்து நாடு. 1899இல் அல்ஃப்ரெட் ஃபிட்ஸ்பட்ரிக் என்ற கனேடிய மதகுரு ஒன்டாரியோவின் வடக்குக் காடுகளில் மரம் தறிக்கும் முகாம்களுக்குப் புத்தகங்களும் பத்திரிகைகளும் கொண்டுபோகத் தொடங்கினார். முகாமில் வாசிப்பதற்கென்று ஒரு கூடாரமோ சின்னக் குடிலோ. நல்ல நோக்கம்தான். ஆனால் நாள் முழுக்க மரம் வெட்டிக் களைத்த ஆட்கள், சுத்தமான உடுப்போடு கூடாரத்தில் இருக்கிற ஓர் இளைஞரிடம் போய் "எனக்கு எழுத்துத் தெரியாது, சொல்லித் தாங்கோ" என்று கேட்பார்களா?

சில ஆண்டுகளில் விடை கிடைத்தது. ஆசிரியராக வந்தவர் பகலில் தானும் கோடரியைத் தூக்கினார். மற்றவர்களோடு அதே வேலை, அதே சாப்பாடு, அதே நுளம்பு. இரவில் வகுப்பு. இவர்களுக்குத் 'தொழிலாளி ஆசிரியர்' என்று பெயர் வந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர்கள். பின்னாட்களில் சீனாவில் போர்க்கள வைத்தியராகப் புகழ்பெற்ற நோர்மன் பெத்யூன்கூட 1911இல் இப்படி ஒரு முகாமில் வேலை செய்தார். இந்த இயக்கம்தான் பிறகு ஃப்ரொன்டியர் கொலிஜ் ஆனது.

பகலில் நடந்ததை யோசிச்சுப் பாருங்கள். படித்த பெடியனுக்குக் கோடரி பிடிக்கத் தெரியாது. பிழையாக வெட்டுவான். கையில் கொப்புளம் வரும். மற்றவர்கள் சிரிப்பார்கள், பிறகு சொல்லிக்கொடுப்பார்கள். அப்ப பகலில் ஆசிரியர் யார்? போலந்தில் இருந்தோ உக்ரேனில் இருந்தோ வந்த அந்தத் தொழிலாளிதான். பகலில் தன்னிடம் பிழைவிட்டுப் படித்த ஒருவனுக்கு முன்னால், இரவில் ஆங்கிலத்தில் பிழைவிடுவது அவ்வளவு அவமானமான விஷயமில்லை. வெட்கத்தைப் போக்க அவர்கள் தனியாக ஒரு பயிற்சி வைக்கவில்லை. ஆசிரியரும் ஒரு முறை வெட்கப்படுகிற மாதிரி ஒழுங்கு செய்தார்கள். அது போதுமாக இருந்தது.

இதை முழுக்கப் புனிதப்படுத்தவும் தேவையில்லை. வந்தவர்களை 'நல்ல கனேடியர்' ஆக்க வேண்டும் என்ற எண்ணம் ஃபிட்ஸ்பட்ரிக்கிடமும் இருந்தது. 1919இல் புதிய கனேடியருக்கென்று அவர் எழுதிய கைநூலில் அது தெளிவாகத் தெரியும். ஆனால் தொழிலாளரோடு படுத்தெழும்பியதால் சில உண்மைகளும் வெளியே வந்தன. அந்த இயக்கத்தைச் சேர்ந்த எட்மண்ட் பிராட்வின், ரயில்பாதை முகாம்களில் குடியேறிகள் நடத்தப்பட்ட விதத்தை 1928இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கூட வேலை செய்தவனுக்குத்தான் அது எழுத முடியும்.

ஒரு சொல், இரண்டு தொனி

அடுத்த காட்சி எங்களுக்குக் கொஞ்சம் கிட்ட இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளில் இருந்து பெருந்தொகையான மக்கள் பிரிட்டனுக்கு வேலைக்குப் போனார்கள். லண்டனுக்கு மேற்கே இருக்கிற சவுத்தோல் அவர்களுடைய ஊரானது. 1974இல் தொழிற்துறை மொழிப் பயிற்சிக்கான தேசிய நிலையம் ஒன்று அங்கே அமைந்தது. நாடு முழுக்கப் பல இடங்களில் இதன் பிரிவுகள் இருந்தன. ஆசிரியர்கள் தொழிற்சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கன்ரீனுக்கும் நேரே போனார்கள். முதலில் படிப்பிக்கவில்லை, அங்கே யார் யாரோடு என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

ஜோன் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் இந்தக் காலத்தில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவர் சொல்லும் ஒரு சம்பவம் மொழியியல் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். பிரிட்டனின் பெரிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் கன்ரீனில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள். "இவையள் மரியாதையில்லாத ஆக்கள், முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம்" என்ற மாதிரி அவர்களைப் பற்றிக் குறை. அவர்கள் கதைத்ததே கொஞ்சம்தான். இறைச்சி எடுக்கிறவரிடம், அதுக்கு மேல குழம்பு வேணுமா என்று கேட்க வேண்டும். அதற்கு ஒரே சொல்: "கிரேவி". ஆங்கிலேயப் பெண் அந்தச் சொல்லின் முடிவில் குரலை உயர்த்துவார், அது "வேணுமா?" என்று கேட்கும். இந்தப் பெண்கள் குரலை இறக்கிச் சொன்னார்கள். அவர்களுடைய மொழிப் பழக்கத்தில் அதுதான் சாதாரணமாகக் கேட்கிற தொனி. ஆங்கிலக் காதுக்கோ அது "இதுதான் கிரேவி, விருப்பமெண்டால் எடு" என்று முகத்தில் அடிக்கிற மாதிரி இருந்தது.

இரண்டையும் ஒலிப்பதிவு செய்து எல்லாருக்கும் போட்டுக் காட்டினார்கள். முதலில் அந்தப் பெண்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. "நாங்களும் அதையேதானே சொல்லுறம்" என்ற நிலைதான். பிறகு விளங்கியது. மற்றவர்கள் ஏன் தங்களிடம் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் சேர்ந்து விளங்கியது. முக்கியமான விஷயம், மேற்பார்வையாளருக்கும் விளங்கியது. சவுத்தோல் ஆட்களின் அடிப்படைக் கொள்கையே இதுதான்: தொழிலாளிக்கு மட்டும் வகுப்பு வைத்துப் பயனில்லை. மேற்பார்வையாளர், முகாமையாளர், தொழிற்சங்கப் பிரதிநிதி எல்லாருக்கும் வைக்க வேண்டும். கதை விளங்காமல் போவதற்கு இரண்டு பக்கமும் பொறுப்பு. 1979இல் பிபிசி இவர்களுடைய வேலையை வைத்து 'குரொஸ்ரோக்' என்ற நிகழ்ச்சியையும் ஒளிபரப்பியது. ஆனால் 1989இல் அரச நிதி நின்றது, அந்தச் சேவையும் முடிந்தது.

இந்தக் கன்ரீன் கதையில் மௌனத்துக்கு ஒரு புதுக் காரணம் கிடைக்கிறது. அந்தப் பெண்கள் கதைக்காமல் விட்டது ஆங்கிலம் தெரியாததால் மட்டுமில்லை. கதைக்கிற ஒவ்வொரு முறையும் ஏதோ பிழைக்கிறது, என்ன பிழை என்று யாரும் சொல்வதில்லை. அப்படியான இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம். அதைச் சோம்பல் என்று சொல்லக்கூடாது.

பாடத்தை யார் கொண்டுவருவது?

பிரேசிலின் பவுலோ ஃபிரெய்ரே 1963இல் அஞ்ஜிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு, நாற்பது மணித்தியாலத்தில் எழுத்தறிவு கொடுக்கும் பரிசோதனை ஒன்றை நடத்தினார். முறை எளிமையானது: அவர்களுடைய வாழ்க்கையில் கனமாக இருக்கிற சொற்களில் இருந்து தொடங்கு. அடுத்த ஆண்டு இராணுவப் புரட்சி வந்தது. அவர் சிறைக்குப் போய்ப் பிறகு நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. எழுத்துப் படிப்பித்ததற்கு இவ்வளவு பயமா என்று கேட்டால், ஆம், அந்த எழுத்து கேள்வியோடு வந்தது.

1987இல் எல்சா அவர்பாக், நீனா வாலர்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் அந்த முறையை வேலைத்தள ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒரு பாடநூல் எழுதினார்கள். அதில் ஒரு பாடம் பொதுவாக ஒரு படத்தோடோ சின்ன உரையாடலோடோ தொடங்கும். பிறகு கேள்விகள் வரிசையாக வரும். இதில என்ன நடக்குது? பிரச்சினை என்ன? உங்கட வேலையில இப்படி நடந்திருக்கா? ஏன் இப்படி நடக்குது? என்ன செய்யலாம்?

ஹார்வெஸ்டர் பாடத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் தொழிற்சாலையைப் பற்றியதுதான். இரண்டிலும் எளிய ஆங்கிலம்தான். முதலாவதில் விடை ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது. மாணவர் அதைத் திருப்பிச் சொன்னால் போதும். இரண்டாவதில் ஆசிரியருக்கு விடை தெரியாது. மாணவர் சொன்னால்தான் பாடம் நகரும். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது ஆளுக்கு ஒரு தைரியம் வரும், இலக்கணம் எவ்வளவு பிழைத்தாலும்.

எங்கட ஊர்க் கதை

வேலைக்கான ஆங்கிலம் என்பது எங்களுக்கு வெளிநாட்டுக் கதை இல்லை. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியை எல்லாருக்கும் தெரியும். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னமே, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. மிஷனின் மனக்குறைகளில் ஒன்று, பெடியள் ஆங்கிலம் படித்துவிட்டுச் சமய ஊழியத்துக்குப் போகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது. ஊர் சும்மா இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று ஊரவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அந்த ஆங்கிலத்தோடுதான் பிறகு எத்தனையோ பேர் மலாயாவுக்கு ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் கப்பலேறினார்கள்.

அதாவது மிஷன் ஒரு நோக்கத்தோடு வகுப்பு வைத்தது. வந்தவர்கள் வேற நோக்கத்தோடு வந்தார்கள். படிக்க வருகிறவர் தன்ர தேவையைத் தானே கொண்டுவருவார். அதை மதிக்காட்டி வகுப்பு மூடுப்படும், மதிச்சால் ஊரே சேர்ந்து அதைத் திறக்கும்.

பிறகு காலம் மாறியது. பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு வந்தது. அது நியாயமான மாற்றம். ஆனால் நல்ல வேலைக்குரிய மொழியாக ஆங்கிலம் அப்படியே இருந்தது. கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கனவானது. சிங்களப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். வெட்டுகிற பொருள். ஆங்கிலம் கதைக்கிறவன் வாளை எடுக்கிறான். எங்கட பக்கம் அப்படி ஒரு சொல் நிலைக்காவிட்டாலும், வெட்டு விழுந்த இடம் ஒன்றுதான். "பெரிய இங்கிலீசு" என்று ஒருத்தன் சிரிச்சால் அடுத்த ஆறு மாசத்துக்கு வாய் திறக்காத ஆட்கள் எங்களுக்குள்ள எத்தனை பேர்? ஒன்லைன் வகுப்பில் மைக்கை மூடி வைத்திருக்கிறவர் அந்த வாளைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் தன்ர மனேஜரும் அதே ஜூமில் இருக்கிறார் என்றால் சொல்லவே தேவையில்லை.

தபாலில் இருந்து திரை வரை

தூரத்தில் இருந்து படிப்பிப்பதும் பழைய விஷயம்தான். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்ததும், ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். மாணவர் பயிற்சியை எழுதித் திருப்பி அனுப்புவார். திருத்தம் பதிலாக வரும். தூரக்கல்வியின் உயிர் அந்தத் திரும்பி வருகிற கடிதத்தில் இருந்தது. 1969இல் பிரிட்டனில் திறந்த பல்கலைக்கழகம் உருவானபோதும் இதுதான்: தொலைக்காட்சி, வானொலி எல்லாம் இருந்தாலும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு போதனாசிரியர், அவர் கைப்பட எழுதுகிற குறிப்பு. 1980இல் எங்களுக்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது.

2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்று இலவசமாக இணையத்தில் திறக்கப்பட்டது. சுமார் 160,000 பேர் பதிந்தார்கள். முடித்தவர்கள் 20,000க்குக் கொஞ்சம் மேல். அடுத்த ஆண்டு கோர்செரா, எட்எக்ஸ் எல்லாம் வந்தன. 'மூக்' என்ற சொல் பிரபலமானது. பெரும்பாலான மூக் பாடங்களில் பதிகிற நூறு பேரில் முடிக்கிறவர்கள் பத்துப் பேரும் இல்லை என்பது கெதியிலேயே தெரியவந்தது. கதவு அகலமாகத் திறந்தது. ஆனால் கடிதம் திரும்பி வரவில்லை.

திறந்த பல்கலைக்கழகமே 2012 முடிவில் உருவாக்கிய ஃபியூச்சர்லேர்ன் தளம் வேற மாதிரி யோசித்தது. படிப்பு என்றால் உரையாடல் என்ற கோட்பாட்டில் இருந்து தொடங்கினார்கள். பொதுவாகப் பாடம் ஓரிடத்திலும் கதைக்கிற இடம் இன்னோரிடத்திலும் இருக்கும். இவர்கள் ஒவ்வொரு சின்னப் படியின் பக்கத்திலேயும் கருத்து எழுத இடம் வைத்தார்கள். வீடியோவைப் பார்த்த கையோடு பக்கத்தில் இன்னொருவர் எழுதியதும் தெரியும். பிரிட்டிஷ் கவுன்சிலின் ஆங்கிலப் பாடங்கள் பலவும், வேலைத்தள ஆங்கிலம் உட்பட, இந்தத் தளத்தில் வந்தன. ஐஈஎல்ரிஎஸ் பாடத்துக்கு 2015இல் இலட்சக்கணக்கானோர் பதிந்தார்கள்.

இதே திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்த கில்லி சல்மன் 2000ஆம் ஆண்டிலேயே ஒரு எளிய விஷயத்தைச் சொல்லியிருந்தார். ஒன்லைன் வகுப்பில் ஆட்கள் ஐந்து படி ஏறி வருகிறார்கள். முதலில் உள்ளே வரத் தெரிய வேண்டும், வரவேற்பு வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் யார் என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் தகவல் பரிமாற்றம், பிறகு சேர்ந்து யோசிப்பது, கடைசியில் தன் சொந்தக் காலில் நிற்பது. நாங்கள் என்ன செய்யிறம்? முதல் நாளே "வேலைத்தளத்தில் தலைமைத்துவம் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்று ஐந்தாம் படியில் ஏறச் சொல்லுறம். பிறகு ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை என்று கவலைப்படுறம்.

ஓரத்தில் இருக்கிறவர்கள்

ஒன்றையும் எழுதாமல், ஒன்றையும் கதைக்காமல் எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு இருப்பவர்கள் படிக்கவில்லை என்று சொல்லலாமா? ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் எழுதிய புத்தகத்தில் லைபீரியாவின் தையற்காரர்கள் வருகிறார்கள். அங்கே வேலை பழக வருகிற பெடியன் முதலில் துணி வெட்டமாட்டான். பொத்தான் தைப்பான், மடிப்புத் தைப்பான், இஸ்திரி போடுவான். அதாவது உடுப்பின் கடைசி வேலையில் இருந்து தொடங்குவான். பிறகு தையல். துணி வெட்டுவது கடைசியில். ஏனென்றால் பொத்தான் பிழைத்தால் பிரிச்சுத் தைக்கலாம், வெட்டினது பிழைத்தால் துணி போச்சு. எங்கட ஊர்த் தையல் கடைகளில் 'காஜா' எடுத்துப் பழகினவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஓரத்தில் இருந்து பார்ப்பதும் பங்கேற்புத்தான், உள்ளே போக வழி இருந்தால். முக்கியம் அந்தக் 'காஜா' வேலை. ஒன்லைன் ஆங்கில வகுப்பில் அது என்ன? சாட் பெட்டியில் ஒரே ஒரு சொல். இரண்டு ஈமெயிலில் எது மரியாதையானது என்று 'ஏ' அல்லது 'பி'. பிழைத்தால் ஒருத்தருக்கும் நட்டமில்லாத வேலை. பிறகு வட்ஸ்அப்பில் ஆசிரியருக்கு மட்டும் பதினைந்து விநாடிக் குரல்பதிவு. அதன்பிறகு மூன்று பேர் மட்டும் உள்ள சின்ன அறை. முப்பது பேருக்கு முன்னால் கதைப்பது துணி வெட்டுகிற மாதிரி. அது கடைசியில்தான்.

அப்ப என்ன செய்யலாம்?

இந்தக் கதைகளில் இருந்து எடுக்கக்கூடியவை சில இருக்கின்றன. வகுப்பு எடுக்கிறவர்களுக்கும், வகுப்பு வைக்கிற நிறுவனங்களுக்கும், கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிற எங்களுக்கும்.

வரவுப் பட்டியலைப் பங்கேற்பு என்று எண்ண வேண்டாம். ஃபோர்ட்டிடம் அது நிறைய இருந்தது. மனேஜரை வகுப்பில் இருந்து வெளியே எடுங்கள்; அல்லது சவுத்தோல் மாதிரி அவருக்கும் ஒரு வகுப்பு வையுங்கள். வேலை முடிஞ்சு, பஸ்ஸில தொங்கி வீட்டுக்கு வந்து, சமைச்சு, பிள்ளையைப் படுக்க வைச்சிட்டு இரவு எட்டரைக்கு லொகின் பண்ணுற ஒரு பெண்ணிடம் "ஏன் ஆர்வமில்லை" என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. வகுப்பை வேலை நேரத்துக்குள்ள வைக்கேலுமா என்று நிறுவனத்திடம் கேட்க உரிமை இருக்கு.

ஆசிரியர் ஏதாவது ஒன்றை அவர்களிடம் இருந்து படியுங்கள். பார்மசியில் வேலை செய்கிறவருக்கு மருந்துப் பெயர்கள் உங்களைவிட நல்லாத் தெரியும். ஹொட்டேல் வரவேற்பில் நிற்கிறவருக்குக் கோபமான விருந்தாளியைச் சமாளிக்கத் தெரியும். கோடரி அவர்கள் கையில்தான் இருக்கு. "உங்கட வேலையில போன கிழமை ஆங்கிலத்தில சொல்ல நினைச்சுச் சொல்லேலாமல் போன ஒரு விஷயம் என்ன?" என்று கேட்டு, அதைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வது என்று பாருங்கள். "லீவு வேணும்", "இது என்ர வேலை இல்லை", "இந்த மாதம் ஓவர்டைம் காசு குறைவு", "எனக்கு விளங்கேல்ல, திரும்பச் சொல்லுங்கோ". ஹார்வெஸ்டர் கொம்பனியின் பாடத்தில் இல்லாமல் போன வசனங்கள் இவை.

எழுதிய ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் போகட்டும். பிட்மன் காலத்தில் அதற்கு ஒரு பென்னி செலவானது. இப்ப அதுகூட இல்லை.

கடைசியாக எங்களுக்கு. ஆங்கிலம் கதைக்க வெளிக்கிடுகிற ஒருத்தரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் எங்களிட்ட இருக்கு. அது முதலாளி வைத்த சட்டம் இல்லை, ஜூமின்ர பிழையும் இல்லை. வகுப்புத் தோழர்களாக, வேலைத்தள நண்பர்களாக, ஒரு வீட்டுக்குள்ள அண்ணன் தங்கச்சியாக நாங்கள் செய்கிற காரியம். அடுத்த வகுப்பில் யாராவது ஒருத்தர் பிழைபிழையாக ஒரு வசனத்தைத் தொடங்கினால், அவர் முடிக்கும்வரை சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். முடிச்ச பிறகு, முடிஞ்சால், உங்கட மைக்கை ஒன் பண்ணுங்கள்.